கரி போட்டால் மண் தேறுமா?

மாப்ளே,

காதுகுத்துக்கு வராததற்குத் திட்டி எழுதியிருந்தாய், வாங்கிக்கொண்டேன். முழங்கால் வலியில் பஸ் படிகூட ஏற முடியவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "நாங்கள் மூட்டை கட்டி லாரி ஏற்றும் கரியையா நீ நிலத்தில் கொட்டுகிறாய்?" என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், கிட்டத்தட்ட அதேதான். உங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போடுவதுபோல, காற்று அதிகம் படாமல் எரித்த கரி. மண்ணில் போட்டால் பெயர் பயோசார்.

எங்கள் ராணிப்பேட்டைக் கதை உனக்குத் தெரியும். தோல் பதனிடும் குரோமிய உப்பு (குரோமியம் ஒரு உலோகம்) கழிவோடு பாலாற்றுப் படுகையில் இறங்கியது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் மண்ணுக்குள் போனது போனதுதான். அதை அடக்கத்தான் இந்தக் கரி.

கரி உலோகத்தைத் தின்றுவிடும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. காரீயம், காட்மியம் போன்றவற்றைக் கரி தன் துளைகளிலும் மேற்பரப்பிலும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதிலுள்ள சாம்பலின் காரத்தில் அவை கரையாமல் படிந்துவிடும். வேருக்குக் கிடைப்பது குறையும், மண்ணில் உள்ள அளவு குறையாது. குரோமியம் வேறு ஜாதி. மண்ணில் அது இரண்டு வகையாக இருக்கும். விஷமான ஆறு இணைதிறன் வகை, தண்ணீரை மஞ்சளாக்கிக்கொண்டு ஓடும். கரியில் லேசில் ஒட்டாது. அதை விஷம் குறைந்த மூன்று இணைதிறன் வகையாக மாற்றினால்தான் அடங்கும். அதற்குக் கரியோடு சாணமும் தொழுவுரமும் வேண்டும். ஆர்சனிக் உள்ள மண்ணிலோ காரம் ஏறினால் அடங்கிக் கிடந்ததும் இளகி வெளியே வரக்கூடும். எந்த உலோகம் என்று பார்க்காமல் கரியைக் கொட்டுவது, நோய் தெரியாமல் மாத்திரை போடுகிற கதை.

இன்னொன்று, கணக்கு. ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழத்து மண் சுமார் 900 டன். நூற்றுக்கு 2 பங்கு என்றாலே 18 டன் கரி! அதற்கு நாலைந்து மடங்கு விறகு. தலை சுற்றியது. ஒரே ஒரு சென்ட்டோடு நிறுத்திக்கொண்டேன், 180 கிலோ.

வாய் அகன்ற குழி வெட்டி, மேலே தீ வைத்து, விறகில் சாம்பல் பூக்க ஆரம்பித்ததும் அடுத்த அடுக்கைப் போட்டு, கடைசியில் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். உன் மூட்டம்போல் நாள்கணக்கில் காவல் இருக்க வேண்டாம். ஆனால் ஒரு குழிக்குக் கொஞ்சம்தான் தேறுகிறது. தட்டினால் கணீரென்ற சத்தம். இடித்து, சாணக் கரைசலில் இரண்டு வாரம் ஊறவைத்து மண்ணில் கலந்தேன்.

சிறுகீரை தளதளவென்று வந்திருக்கிறது. உன் தங்கச்சி பறிக்கப் போனாள், தடுத்தேன். பச்சையாக இருந்தால் உள்ளே குரோமியம் இல்லை என்று அர்த்தமா? மண்ணையும் கீரையையும் லேபுக்கு அனுப்பியிருக்கிறேன். அதுவரை அவளுக்கு என் மேல் கோபம்தான்.

அப்புறம், சலித்தபின் விலை போகாத கரித்தூள் உன் களத்தில் கிடக்குமே, மண் சேராததாகப் பார்த்து நாலு மூட்டை பார்சலில் போடு. வாடகை நான் தருகிறேன். தூளுக்குக் காசு கேட்டால், காதுகுத்துக்கு அனுப்பிய மொய்யில் கழித்துக்கொள்.

உன் மாப்ளே