பழைய கணினியில் லினக்ஸ்: கேம் பிரியர்கள் முதலில் பார்க்கவேண்டியவை

ஆசிரியர் அவர்கட்கு,

விண்டோஸ் 10 இற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் கணினிகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அப்படிப்பட்ட கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போடலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு, "பிள்ளை கேம் விளையாடினால் அது சரிவராது, புதிய கணினி வாங்குங்கள்" என்ற பதிலே கிடைக்கிறது. அது பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியாததால் பல குடும்பங்கள் வீணாகக் கடன்படுகின்றன.

விண்டோஸுக்கென எழுதிய கேம்களை லினக்ஸில் ஓடச்செய்வது வைன் என்ற மென்பொருள். 1993 இல் தொடங்கிய முயற்சி அது. அதன்மேல் கட்டிய புரோட்டான் என்ற மென்பொருளை வால்வ் நிறுவனம் 2018 இல் தனது கேம் விற்பனைத் தளமான ஸ்டீமுக்குள் சேர்த்தது. படம் வரைவதற்காகக் கேம் விடுக்கும் டைரக்ட்எக்ஸ் என்ற விண்டோஸ் கட்டளைகளை, லினக்ஸில் இயங்கும் வல்கன் என்ற கட்டளைத் தொகுதிக்குப் புரோட்டான் மாற்றிக்கொடுக்கிறது. ஆகவே கிராபிக்ஸ் கார்டுக்கு வல்கன் 1.3 தெரிந்திருக்கவேண்டும். என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 900 வரிசை, அதற்குப் பிந்தியவை போதும். 600 வரிசையை நம்பி இறங்கவேண்டாம். இன்டெல் உள்ளமை கிராபிக்ஸ் என்றால் ஆறாம் தலைமுறையாவது வேண்டும்.

அடுத்து, பிள்ளை விளையாடுவது எந்தக் கேம் என்று கேளுங்கள். டோட்டா 2, கவுண்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே உண்டு. தனியாள் விளையாடும் கேம்களில் மிகப் பெரும்பாலானவை புரோட்டானில் ஓடும். வலொரன்ட், ஃபோர்ட்நைட் ஓடா. ஏமாற்றுவோரைப் பிடிக்கும் வலொரன்டின் மென்பொருள் விண்டோஸின் கரு (கேர்னல்) எனப்படும் அடிநிலைப் பகுதிக்குள்ளேயே உட்காருவது. புரோட்டானால் அந்த ஆழத்துக்குப் போகமுடியாது. வேறு சில கேம்களில் தடை தொழில்நுட்பத்தால் வருவதல்ல, தயாரிப்பாளரின் முடிவால் வருவது. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 இல் அந்த வாசலை அவர்களே மூடினார்கள். வீட்டில் இந்தக் கேம்கள்தான் ஓடுகின்றன என்றால் லினக்ஸுக்கு மாறவேண்டாம் என்பதே என் நேர்மையான ஆலோசனை. மற்றக் கேம்களுக்குப் புரோட்டான்டிபி தளத்தில் பெயரைத் தட்டினால், பிறர் விளையாடிப் பார்த்து இட்ட தரம் தெரியும்.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்ற வகை வசதியானது. ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தேடத் தேவையில்லை. என்விடியாவுக்கு டிரைவர் மெனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று காட்டுவதைப் போடுங்கள். செக்கியூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் அது புதிய கடவுச்சொல் ஒன்றை அமைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை சுமார் பத்து விநாடி நிற்கும். அதற்குள் ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தெரிவுசெய்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்கவேண்டும். அதைத் தவறவிட்டால் டிரைவர் இருந்தும் இயங்காது. கேம் படம் படமாக நகரும்போது பழி லினக்ஸின் தலையில் விழுகிறது.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் வன்தட்டு. விண்டோஸில் இறக்கிய கேம்கள் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் கோப்பு முறையிலான வன்தட்டுப் பிரிவில் இருக்கும். திரும்ப இறக்காமல் அதையே ஸ்டீமுக்குக் காட்டிவிடுகிறார்கள். பிளே பொத்தானை அழுத்தினால் அது ஸ்டொப் என்று மாறும், சில விநாடியில் மறுபடி பிளே ஆகிவிடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் ஒரு சிறு விண்டோஸ் கோப்புறையை உருவாக்குகிறது. அதில் சி என்ற எழுத்தோடு முக்காற்புள்ளி சேர்ந்த பெயரில் ஒரு இணைப்பு இருக்கும். விண்டோஸ் அப்படிப்பட்ட பெயரை அனுமதிப்பதில்லை. ஆகவே அதன் பிரிவில் அந்த இணைப்புச் சரியாக அமையாமல் கேம் நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் கணினி முழுமையாக அணையாது. லினக்ஸ் அந்தப் பிரிவை வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது. கேம்களுக்கென லினக்ஸின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4 இல் பிரிவு ஒன்றை ஒதுக்கி, கோப்புகளை அங்கே பிரதிசெய்துகொள்ளுங்கள்.

டேட்டா அளவு பார்த்துச் செலவழிக்கும் வீடுகளுக்கு ஒரு விடயம். ஸ்டீமின் டவுன்லோட்ஸ் பகுதியில் ஷேடர் முன்சேமிப்பை (காட்சிகளை வரையும் சிறு நிரல்களை முன்கூட்டியே இறக்கிவைப்பதை) நிறுத்தினால் டேட்டா மிச்சமாகும். பதிலுக்குப் புதிய காட்சிகளில் சற்றுத் திக்கும். தானியங்கி அப்டேட்களுக்கு அங்கேயே நேரம் குறிக்கலாம், இரவு டேட்டா வைத்திருப்போர் அதைச் செய்யட்டும். அறுபது ஜிபி கேமை வீட்டிலுள்ள இரண்டு கணினிகளிலும் தனித்தனியே இறக்கவேண்டியதில்லை. இரண்டும் ஒரே ரவுட்டரில், ஒன்றில் கேம் ஏற்கெனவே இருந்தால், உள்வலையமைப்புப் பரிமாற்றத்தை இயக்கியதும் மற்றது அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.