சதுப்பு நிலம் கஞ்சா விளையும் இடமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நார்க்கஞ்சா சாகுபடி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை வரி விடாமல் படித்தேன். துணிக்கும் காகிதத்துக்கும் பயன்படும் அந்த நாரின் அருமை பற்றி எழுதியிருப்பதில் எனக்கு மறுப்பில்லை. போதை தரும் டிஹெச்சி 0.3 சதவீதத்துக்கு மிகாத ரகங்களை அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் சட்டப்படி அனுமதிப்பதும் உண்மையே. ஆனால், சும்மா கிடக்கும் சதுப்பு நிலங்களில் இதை விளைவிக்கலாம், களையைப் போல எங்கும் முளைத்துக்கொள்ளும் என்று போகிற போக்கில் எழுதியிருப்பதை என்னால் அப்படியே விட முடியவில்லை. மண் ஆய்வுக்கூடத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான்.

நீர் தேங்கிய மண்ணில் வளர்ந்த கஞ்சாச் செடிகள் எங்கள் மேசைக்கு வந்ததுண்டு. அடியிலைகள் வெளிறி மஞ்சளாகித் தொங்கும். வேரைக் கழுவி இரு விரலால் லேசாக உருவினால், மேல்தோல் வழுவழுவென்று கையோடு வந்துவிடும். உள்ளே நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். கூடவே அழுகிய முட்டை நாற்றம். அதே மண்ணில் வளர்ந்த நாணலின் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். வெள்ளை வேரைச் சுற்றித் துருப்பிடித்த நிறத்தில் ஓர் உறை இருக்கும். நாணல் தன் தண்டிலுள்ள காற்றறைகளின் வழியே ஆக்ஸிஜனை வேருக்கு இறக்குகிறது. அதில் கசிவது சுற்றியுள்ள இரும்பைத் துருவாக்கிவிடுகிறது. நெல்லுக்கும் கோரைக்கும் இந்த ஏற்பாடு உண்டு. கஞ்சாவுக்கு இல்லை.

காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மண்ணின் துளைகளில் நீர் நிரம்பிவிட்டால், எஞ்சிய ஆக்ஸிஜனை வேரும் நுண்ணுயிர்களும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். பிறகு நுண்ணுயிர்கள் மூச்சுவிட ஆக்ஸிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும். போட்ட உரத்தின் தழைச்சத்து வாயுவாகி வெளியேறிவிடும். அடுத்து மாங்கனீசும் இரும்பும் கரையும். கடைசியில் கந்தகம் நச்சு வாயுவாகும். நான் சொன்ன நாற்றம் அதுதான். நல்ல பொலபொலப்பான மண்ணில் ஆழமாக இறங்க வேண்டிய ஆணிவேர் இங்கே மேலேயே மடங்கிப் படர்வதால், பலத்த காற்றில் செடி சாய்ந்துவிடும். வேரழுகலை உண்டாக்கும் பித்தியம் போன்ற நுண்ணுயிர்களுக்கு இதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை. தப்பிப் பிழைத்துப் பூத்தாலும், ஈரக்காற்றில் சாம்பல் பூஞ்சாணம் பூங்கொத்தின் உள்ளிருந்தே அதை அழுக வைத்துவிடும்.

ஆற்றோரங்களில் காட்டுக் கஞ்சா தானாக வளர்கிறதே என்று கேட்கலாம். வளர்கிறது. கஜகஸ்தானின் சூ ஆற்றுப் பள்ளத்தாக்கு அதற்குப் பெயர் போனது. ஆனால் ஆற்றங்கரை வேறு, சதுப்பு வேறு. கரையின் வண்டலில் வெள்ளம் வந்தாலும் வடிந்துவிடும், நீர்மட்டம் வேருக்குக் கீழே நிற்கும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல்தான் கஞ்சா தண்ணீர் விரும்பும் செடி என்று பலர் நம்புகிறார்கள்.

மேட்டுப்பாத்தி அமைத்து, வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிடலாமே என்பார்கள். என் கவலையெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. வடித்த பிறகு அது சதுப்பு நிலமே அல்ல. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் என்ற இடத்தில், வடிகால் வெட்டிய காலத்தில், 1851இல், தலை மட்டும் தரையோடு சமமாக இருக்கும்படி ஓர் இரும்புத் தூணை மண்ணுக்குள் இறக்கினார்கள். இன்று அது ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தூண் உயரவில்லை, செடிகொடிகள் நீரடியில் முழுதாக மட்காமல் சேர்ந்து உருவான கரிம மண், காற்று பட்டதும் சுருங்கி, சிதைந்து, கரியமில வாயுவாகப் போய்விட்டது. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள இத்தகைய கரிமச் சதுப்புகள், எல்லாக் காடுகளின் மரங்களும் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பனைப் பிடித்து வைத்திருக்கின்றன. கடலோரச் சதுப்புகளின் கதை இன்னும் கொடுமை. அடியில் உறங்கும் இரும்புக் கந்தகத் தாது காற்று பட்டதும் கந்தக அமிலமாகும். அதன்பின் அந்த மண்ணில் எதையும் விளைவிப்பது பெரும்பாடு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நகரங்களின் கழிவுநீர் போய்ச் சேரும் சதுப்புகளில் காட்மியம், ஈயம் போன்ற உலோகங்கள் தங்கியிருக்கும். கஞ்சா அவற்றை உறிஞ்சி இலையிலும் தண்டிலும் சேர்த்துவைக்கும் செடி. 1990களின் இறுதியில் செர்னோபில் வட்டாரத்தில் மண்ணைச் சுத்தப்படுத்தவே இதை நட்டுப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் விளைந்த விதையை உணவென்று விற்க யாருக்கு மனம் வரும்?

சதுப்பு நிலங்களைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் பன்னாட்டு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும், பயிர் ஏதும் இல்லாததாலேயே ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. உரிமம் பெற்று நார்க்கஞ்சா பயிரிட விரும்புவோர், வடிகால் வசதியுள்ள, ஏற்கெனவே உழவில் இருக்கும் நிலத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். கட்டுரையில் வந்த அந்த வரிக்குத் தாங்கள் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். அதை நம்பி எவரேனும் மண்வெட்டியோடு சதுப்பில் இறங்குவதற்குள் அது வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண் ஆய்வாளர் ஒருவர்