முடியிறக்கும் கொட்டகைக்கு ஒரு மடல்

கோலாலம்பூர் தைப்பூச ஏற்பாட்டுக் குழுவினருக்கும், மொட்டை போடும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

மண்டையோட்டைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்கள் பலர் நேர்த்திக்கடனோடு பத்துமலைக்கு வருகிறார்கள். மூளைக்கட்டியோ, இரத்தக்கட்டோ, வீங்கிய இரத்தக்குழாயோ, எதற்காகத் திறந்தார்கள் என்பது உங்களுக்கு வேண்டாம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எலும்பைத் திரும்ப வச்சிட்டாங்களா?"

வைத்திருந்தால், அறுத்தெடுத்த எலும்புத் துண்டு டைட்டானியத் தகடு, திருகுகளால் பொருத்தப்பட்டிருக்கும். தையலை 7 முதல் 14 நாளில் பிரித்துவிடுவார்கள். ஆனால் தழும்பைச் சுற்றி மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும். "வலிக்குதா?" என்று கேட்டுப் பயனில்லை, கத்தி கீறினாலும் அவருக்குத் தெரியாது. திருகு இருக்கும் இடத்தில் தோல் சற்று மேடாக நிற்கும், சவரக்கத்தி அங்கேதான் சிக்கும். அந்தக் கீறலில் சந்தனத்தை அப்பினால் கிருமி எலும்புவரை போகலாம். எலும்பில் சீழ் பிடித்தால் அதை மறுபடி எடுக்க வேண்டிவரும்.

வைக்காவிட்டால் நிலைமையே வேறு. மூளை வீங்கியிருந்ததால் எலும்பை உறைபெட்டியிலோ வயிற்றுத் தோலுக்கடியிலோ பத்திரப்படுத்தியிருப்பார்கள். தலையில் அந்த இடம் உட்கார்ந்தால் குழியும், இருமினால் புடைக்கும். கீழே மூளைக்கும் உங்கள் விரலுக்கும் நடுவில் தோலும் சவ்வும்தான். கத்தியும் வேண்டாம், தலையில் பால்குடமும் வேண்டாம். பூமுடி கொடுப்பது நம் வழக்கத்தில் உள்ளதுதானே. மறுபக்கத்தில் மூன்று கொத்து கத்தரித்தால் போதும். எலும்பு வைத்தவர்களும் மருத்துவர் சரி சொன்ன பிறகே குடத்தைத் தலையில் ஏற்றட்டும்.

விரதமிருப்பவர்கள் வலிப்பு மாத்திரையை விட்டுவிடுவது பெரிய சிக்கல். வெயில், தூக்கமின்மை, 272 படி, மாத்திரை இல்லாத வயிறு எல்லாம் சேர்ந்தால் வலிப்பு வரலாம். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எலும்பில்லாத பக்கம் தரையில் படாமல். கையில் இரும்பு திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். மணியைப் பாருங்கள்: 5 நிமிடம் தாண்டினால் அவசர எண் 999-ஐ அழையுங்கள். மூளை வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுபவருக்குச் சர்க்கரை ஏறும். அதற்காக அவராகவே திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

தழும்பிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர்போல் சொட்டினால் வியர்வை, சளி என்று விட்டுவிடாதீர்கள். மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும்.

சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே அந்த ஒரு கேள்வியைப் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். தலையை நனைத்த பிறகு கேட்டால், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

இப்படிக்கு,
நரம்பியல் அறுவைப் பிரிவுத் தாதியர் சிலர், கோலாலம்பூர்