வாள் செய்யச் சொல்லப் போகும் மருமகனுக்கு

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய ஆர்டர் படிவத்தை வரி விடாமல் படித்தேன். மடித்து அடித்த எஃகு, சிவப்பு நிறமேற்றிய அலகு, டிராகன் செதுக்கிய கைக்காப்பு, தங்கப் பூச்சு, பிடிக்குள் மறையும் பகுதியில் ஒரு பழைய ஜப்பானியக் கொல்லரின் பெயர், அதற்கு மேல் போர்க்கால ராணுவ வாள் மாதிரிப் பிடியும் உறையும். பட்டறைக்காரர் எதையெல்லாம் செய்து தருவோம் என்று போட்டிருக்கிறாரோ அத்தனைக்கும் நேராக ஒரு சரி போட்டிருக்கிறாய். நீ ஜப்பானிய பாணி வாள் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை, சந்தோஷம்தான். ஆனால் இந்தப் பட்டியலில் முக்கால்வாசியை அடித்துவிடச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காசைச் சூட்டுக்கும் (அலகை உலையில் காய்ச்சி முக்கி இறுக்கும் வேலை) வடிவத்துக்கும் பொருத்தத்துக்கும் கொடு. கைக்காப்பைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். பிடியில் சுற்றிய நாடா பிடிக்கவில்லையென்றால் பிரித்து வேறு நிறத்தில் கட்டச் சொல்லலாம். சூட்டில் விரிசல் விட்ட அலகை மட்டும் யாராலும் திருத்தித் தர முடியாது.

எஃகின் பெயரைப் பார்த்து மயங்காதே. 1045, 1060, 1095, 9260, டி10 என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அமெரிக்க முறையில் கடைசி இரண்டு இலக்கம் கரிமத்தின் அளவு: 1060 என்றால் சுமார் 0.60 சதவீதம், 1095 என்றால் சுமார் 0.95. டி10 சீனத் தரமுறையில் வரும் கருவி எஃகு, அதில் கரிமம் ஏறத்தாழ 1 சதவீதம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டூல் ரூமில் இருந்த காலமெல்லாம் இந்த மாதிரி எஃகோடுதான் என் பொழுது போனது. ஒழுங்காகச் சூடு பார்த்த 1060, சூட்டில் கெடுத்த டி10-ஐவிட எவ்வளவோ மேல். அதனால் பட்டறைக்காரரிடம் "என்ன எஃகு" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதே. யார் சூடு பார்க்கிறார், தண்ணீரில் முக்குகிறாரா எண்ணெயிலா, முக்கிய பிறகு எத்தனை டிகிரியில் மறுபடி சூடாக்குகிறார் என்று கேள். தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

நீ எதற்குக் காசு கொடுக்கிறாய் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அடித்து வடிவம் கொண்டுவந்த அலகின்மேல் களிமண் பூசுவார்கள். முதுகுப் பக்கம் கனமாக, வெட்டும் வாய்ப் பக்கம் மெல்லிசாக. அந்தக் களிமண்ணில் கரித்தூளும் அரைத்த கல்லும் சேரும். பிறகு அலகை உலையில் வைத்து 750 முதல் 800 டிகிரி வரை ஏற்றுவார்கள். 770 டிகிரியை ஒட்டி எஃகு காந்தத்தை விட்டுவிடும் என்பதால் சிலர் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். ஜப்பானியக் கொல்லர்கள் எஃகின் நிறம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பட்டறையை இருட்டாக்கிக்கொண்டு செய்வார்கள். அளவுக்கு மீறிச் சூடு ஏறினால் எஃகின் மணிகள் பருத்து அலகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். குறைந்தால் வாய் இறுகாது. அந்தச் சரியான நிறத்தில் எடுத்து ஒரே வீச்சில் தண்ணீரில் இறக்க வேண்டும்.

மெல்லிய பூச்சுள்ள வாய் நொடியில் குளிர்ந்து மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்புக்கு மாறும். கனமான களிமண்ணுக்கு அடியில் இருக்கும் முதுகு மெதுவாகக் குளிர்ந்து பியர்லைட்டாக, கொஞ்சம் மிருதுவாக நிற்கும். மார்ட்டென்சைட் சற்றுக் கூடுதல் இடம் பிடிப்பதால் வாய்ப் பக்கம் நீள்கிறது, அலகு முதுகுப் பக்கமாக வளைகிறது. அந்த வளைவில் தண்ணீருக்கும் பங்கு உண்டு என்பதை முதன்முதலாகத் தெரிந்துகொண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கடினத்தை அளக்கும் ராக்வெல் சி கணக்கில் வாய் 60-ஐ ஒட்டியும் முதுகு 40-ஐ ஒட்டியும் இருக்கும். இதே கணத்தில்தான் வாயில் குறுக்கே விரிசலும் விழும். விழுந்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். தண்ணீரில் முக்கும் ஆள் கூடுதலாகக் கேட்கும் விலையில் இப்படிப் போன அலகுகளின் கணக்கும் சேர்ந்திருக்கிறது. அந்த விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதே.

மடித்து அடித்த எஃகு வேண்டாம். ஜப்பானில் இரும்பு மணலையும் கரியையும் தத்தாரா உலையில் இட்டு எடுக்கும் தமஹகானே எஃகில் கரிமம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கும், கசடும் கலந்திருக்கும். அதைச் சமப்படுத்தத்தான் மடித்து மடித்து அடித்தார்கள். பத்து முறை மடித்தால் 1024 அடுக்கு. இன்று ஆலையில் உருக்கி வரும் எஃகு ஏற்கெனவே சமமாக இருக்கிறது. அதை மடிப்பதால் மேற்பரப்பில் ஓர் அழகான வரியோட்டம் கிடைக்கும், கூடவே அடுக்குகள் சரியாக ஒட்டாமல் போகும் ஆபத்தும் வரும். இந்த முதல் வாளுக்கு ஒரே துண்டு டி10 அல்லது 1095, களிமண் பூசித் தோய்த்தது, போதும்.

இறுகிய வாய்க்கும் மிருதுவான முதுகுக்கும் நடுவே மேகம் போல ஓடும் வெண்கோட்டை ஹமோன் என்பார்கள். உண்மையான ஹமோன் எஃகுக்குள்ளேயே இருக்கும். விளக்கொளியில் அலகை மெல்லச் சாய்த்தால் கோட்டின் விளிம்பில் நுண்ணிய மணிகள் பளிச்சிடும், சாய்வு மாற மாறக் கோடும் உயிரோடு அசைவதாகத் தோன்றும். அமிலம் தடவியோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ போட்ட பொய்க்கோடு எந்தக் கோணத்திலும் ஒரே வெள்ளையாக நிற்கும், மெருகு போட்டால் போய்விடும். ஆகவே படம் கேட்காதே, வீடியோ கேள். ஒரே விளக்கின் கீழ் அலகை மெதுவாகத் திருப்பி எடுத்த வீடியோ. சிவப்பு நிறம் கேட்டிருக்கிறாயே, அதை ஏற்றினால் காசு கொடுத்து வாங்கிய இந்தக் கோடுதான் முதலில் மறையும்.

அளவு விஷயம் சுருக்கமாக. அலகு 70 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கட்டும், பழைய ஜப்பானியக் கணக்கில் 2 ஷாகு 3 சுன். உறையில்லாமல் மொத்த எடை 1 கிலோவுக்கும் 1.2 கிலோவுக்கும் இடையில் வந்தால் நல்லது. பிடிக்குள் போகும் பகுதி அலகோடு ஒரே எஃகாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பியைப் பற்றவைத்தது வேண்டவே வேண்டாம். பிடியைப் பூட்டும் ஆணி மூங்கிலில் இருக்க வேண்டும், பிடிக் கட்டைக்கும் நாடாவுக்கும் நடுவே உண்மையான திருக்கைத் தோல் வேண்டும். உறையின் வாய் எவர்சில்வர் சம்படத்தின் மூடி போலக் கச்சிதமாகப் பிடிக்க வேண்டும். கவிழ்த்துப் பிடித்தால் வாள் நழுவக் கூடாது, கட்டைவிரலால் தள்ளினால் இலகுவாக விட வேண்டும்.

பிடிக்குள் வெட்டச் சொன்ன அந்தப் பழைய கொல்லரின் பெயருக்கு வருகிறேன். ஜப்பானில் வாள் செய்ய உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஒரு கொல்லரிடம் குறைந்தது ஐந்து ஆண்டு சீடராக இருந்து, அரசு நடத்தும் தேர்விலும் தேறினால்தான் அது கிடைக்கும். கிடைத்த பிறகும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்யக் கூடாது. ஒவ்வொரு வாளுக்கும் பதிவுச் சான்று உண்டு. புதிதாக ஒன்று செய்யச் சொன்னால் விலை பத்தாயிரக்கணக்கான ரிங்கிட்டில் போகும். நீ வாங்குவது அது இல்லை. சீனாவின் செஜியாங் மாநிலத்தில் லோங்சுவான் என்ற ஊரில் செய்வது. ஜப்பானியச் சட்டப்படி ஜப்பானில் அதைப் பதிவு செய்யவே முடியாது. இதில் குறைவு ஒன்றும் இல்லை. லோங்சுவான், ஓவ் யேசி என்ற பழங்காலக் கொல்லரைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடும் ஊர். வாள் அவர்களின் குலத்தொழில். அப்படிப்பட்ட ஓர் ஆள் வியர்வை சிந்திச் செய்த அலகில் செத்துப்போன வேறொருவர் பெயரை வெட்டச் சொல்வது இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம். நாளைக்கு அது உன் கையை விட்டு வேறு கைக்குப் போகும்போது பொய்யாகவே சுற்றும். சூடு பார்த்தவரின் பெயரை, அவர் எழுத்திலேயே, ஆண்டோடு வெட்டச் சொல். மாட்டேன் என்றால் வெறுமையாக விடச் சொல்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆலோசனை. அந்த ராணுவப் பிடியையும் உறையையும் எடுத்துவிடு என்பது மட்டும் என் வேண்டுகோள். உன் பாட்டி சிறுமியாக இருந்தபோது அவருடைய அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 1942-43-இல் 415 கிலோமீட்டர் காட்டை வெட்டிப் போட்ட பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அங்கேயே மடிந்தார்கள். அவரும் திரும்பவில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் வந்த ஜப்பானிய அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது இந்த மாதிரி வாள்தான். ஜப்பானியரின் வாள் கலை அந்தப் போருக்குப் பல நூறு ஆண்டு முந்தியது, அதை விரும்புவதில் தப்பில்லை என்று நான் நம்புகிறேன். அதே பாட்டி ஒரு ஜப்பானியக் கிண்ணத்தையோ பட்டுத் துணியையோ பார்த்து முகம் சுளித்ததில்லை. ஆனால் காக்கி நிற உலோக உறையும் அந்தக் குஞ்சமும் அவர் கண் முன்னால் கூடத்தில் வந்து நிற்கக் கூடாது. கறுப்பு அரக்குப் பூசிய மர உறை, பருத்தி நாடா, வேலைப்பாடு குறைந்த இரும்புக் கைக்காப்பு. இது போரைவிடப் பழைய வடிவம், அழகும் இதில்தான். ஆர்டர் போடும் முன் பாட்டியிடம் நீயே போய்ச் சொல். என் வழியாகவோ அம்மா வழியாகவோ அவர் காதுக்குப் போகக் கூடாது. பழம்பொருள் சந்தையில் யாராவது உண்மையான போர்க்கால வாள் என்று காட்டினாலும் தொடாதே. போலி ஏராளம், உண்மையானதாக இருந்தால் நம் வீட்டுக்கு வேண்டாம்.

சட்டத்தை ஏனோதானோ என்று விட்டுவிடாதே. மலேசியாவின் 1958-ஆம் ஆண்டு அபாயகர ஆயுதச் சட்டம், 6-ஆம் பிரிவு: சட்டபூர்வமான காரணமில்லாமல் பொது இடத்தில் அபாயகர ஆயுதம் வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, பிரம்படி. காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு நண்பனிடம் காட்டப் போவதெல்லாம் கனவிலும் கூடாது. சுங்கப் பட்டியலில் வாள்களுக்கென்றே 9307 என்ற தலைப்பு இருக்கிறது. முன்பணம் கட்டுவதற்கு முன்பே சுங்கத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் அளவு, படம், நோக்கம் எல்லாம் குறிப்பிட்டு எழுது, பதிலை எழுத்தில் வாங்கு. அனுமதி வேண்டும் என்றால் வாங்கிய பிறகு ஆர்டர் போடு, கிடைக்காது என்றால் அத்தோடு விடு. "அலங்காரப் பொருள் என்று எழுதி அனுப்புகிறோம்" என்று பட்டறைக்காரர் சொன்னால் அந்தப் பட்டறையே வேண்டாம்.

பினாங்குக் காற்றில் ஈரம் எந்த மாதமும் குறைவதில்லை. கரிம எஃகு துருப்பிடிக்க ஒரு விரல்ரேகை போதும். அலகை வெறுங்கையால் தொடாதே, அதன்மேல் பேசாதே, எச்சில் தெறிக்கும். மெல்லிய துணியால் பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு, கிராம்பு மணமுள்ள சோஜி எண்ணெயையோ சுத்தமான தாது எண்ணெயையோ கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தடவு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துச் சிக்குப் பிடிக்கும். வாயை மேல்நோக்கி வைத்துப் படுக்கையாக, பூட்டிய அலமாரியில் வை, குளிரூட்டியின் நேர்க்காற்றில் வேண்டாம். ஆயுத பூஜையன்று பாட்டி சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தால் தடுக்காதே, அவர் கையால் வைக்கட்டும். அலகில் மட்டும் ஈரச் சந்தனம் படக் கூடாது, மரத் தாங்கியில் வைக்கச் சொல்.

திருத்திய படிவத்தை எனக்கு அனுப்பு. வேலை முடிந்ததும் மீதிப் பணம் கட்டும் முன், பிடியைக் கழற்றி உள்பகுதியைக் காட்டும் படமும், நான் சொன்ன அந்த வீடியோவும் வாங்கு. இரண்டையும் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை வருகிறாய் என்றால் காலையிலேயே வா, வெயில் ஏறும் முன் என்னிடமுள்ள பழைய வாளின் ஹமோனை வாசல் வெளிச்சத்தில் எப்படிப் பார்ப்பது என்று காட்டுகிறேன்.

அன்புடன்,
மாமா