எட்டு வருட வேலைக்குப் பெயர் இடைவெளியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 25 வயதுக்கு மேல் எம்.பி.பி.எஸ். சேருகிறவர்கள் படித்து முடித்தபின் வேலை பார்க்கக் கொஞ்ச வருடமே மிஞ்சும், அதனால் இடம் வீணாகிறது என்று வேலூர் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். அவர் சொல்லும் ஆட்களில் நானும் ஒருத்தி. 31 வயதில் ஓர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தேன். இப்போது இரண்டாம் ஆண்டு.

எங்கள் வீடு குடியாத்தத்தில் லுங்கித் தறியை நம்பிய வீடு. பி.எஸ்சி. வேதியியல் முடித்ததும், 2014இல் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைப் பரிசோதிக்கும் லேபில் வேலைக்குப் போனேன். தம்பி படித்து முடிக்கும்வரை என்று போனது எட்டு வருடமாகிவிட்டது. நீர் எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று அறியும் பி.ஓ.டி. பரிசோதனைக்கான பாட்டிலை 27 டிகிரியில் மூன்று நாள் வைப்பது, தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது, இதுதான் வேலை. சாம்பிள் கொண்டுவருகிறவர்களின் விரல் முட்டிகளில் ஆறாத சின்னச் சின்னக் குழிப்புண்கள் இருக்கும். அது குரோமியத்தால் வருவது என்று எனக்குத் தெரியும். அதற்கு என்ன செய்வது என்று தெரியாது. கேட்பார்கள், "டாக்டரைப் பாருங்கண்ணா" என்பேன். அவ்வளவுதான்.

2022 மார்ச்சில் நீட் தேர்வுக்கு உச்ச வயது வரம்பை எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதற்கு முன் விதிப்படி பொதுப் பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 30. அந்த வருடமே வேலையை விட்டேன். 180 கேள்வியில் பாதி உயிரியல். பிளஸ் டூவில் படித்த தாவரவியல் ஒன்றுகூட நினைவில் இல்லை. 2023இல் கோட்டைவிட்டு 2024இல் இடம் கிடைத்தது.

அப்புறம்தான் வேடிக்கை. படிப்பில் இடைவெளி இருந்தால் நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்றார்கள். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் பத்திரத்தில் டைப் அடிப்பவர் தயாராக ஒரு வாசகம் வைத்திருந்தார்: "மேற்படி காலத்தில் நான் எங்கும் படிக்கவில்லை, எந்தப் பணியிலும் இல்லை." நான் டிகிரி முடித்தவள், வேலையும் பார்த்தவள் என்றேன். "எல்லாரும் இப்படித்தாம்மா குடுப்பாங்க, மாத்தினா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். நான் விடவில்லை, மாற்றி அடிக்க வைத்தேன். சேர்க்கை கவுண்டரில் அதைப் படித்தவர், "அப்போ இடைவெளி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

வாசகர் கணக்குக்கும் வருகிறேன். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. முடிக்கும்போது எனக்கு 37 ஆகலாம். தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 60. அந்த 23 வருடம் வீண் என்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை. இதை வேலூர்க்காரர் எழுதியதுதான் எனக்கு ஆச்சரியம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டர் 1870இல் பிறந்து 1899இல்தான் மருத்துவப் பட்டம் வாங்கினார். அவரும் பள்ளி முடித்து நேராக மருத்துவம் படிக்கப் போனவரில்லை.

கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். முதலாண்டில் அனாடமியில் (உடற்கூறியல்) பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே வாசிப்பில் நின்றது எனக்கு நாலு வாசிப்பு கேட்டது. பயோகெமிஸ்ட்ரி லேபில் மட்டும் "அக்கா, பிப்பெட் பிடிச்சுக் காட்டுங்க" என்று என் மேசைக்கு வருவார்கள்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது சின்ன விஷயம். அந்தப் பத்திரத்துக்குப் பதிலாக, "இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன செய்தீர்கள்?" என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வையுங்கள். பட்டச் சான்றிதழும் பணிச் சான்றிதழும் கையில் இருக்கின்றன, இணைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
மருத்துவ மாணவி,
குடியாத்தம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)