லைட்டாக இருப்பது டெஸ்க்டாப் மட்டும்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் 8-ம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் முதல் சில ஆண்டுகளில் வந்தவை எதுவும் இந்தக் கணக்கில் சேராது. “பழையதை எடைக்குப் போடாதீர்கள், லைட் லினக்ஸ் போட்டால் புதுசு போல ஓடும்” என்ற யோசனை இப்போது எல்லாப் பக்கமும் கேட்கிறது. தங்கள் இதழிலும் வந்தது. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் (ஓஎஸ்). யோசனையில் தப்பில்லை. அந்தப் ‘புதுசு போல’தான் இடிக்கிறது. அதை நம்பிப் போட்டுவிட்டு, பத்தே நாளில் “லினக்ஸ் சரியில்லை” என்று திரும்பவும் கடைக்குத் தூக்கி வருகிறார்கள்.

லுபுண்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, ஆன்டிஎக்ஸ் ஆகிய லினக்ஸ் வகைகளை (டிஸ்ட்ரோக்களை) லைட் என்று சொல்வது அவற்றின் டெஸ்க்டாப்பை, அதாவது திரையில் தெரியும் முகப்பையும் மெனுவையும், வைத்து. ஆன் செய்து எதையும் திறக்காமல் விட்டால் ஆன்டிஎக்ஸ் 200, 300 எம்பி ரேமில் அடங்கும். மற்ற இரண்டும் அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்குள் இருக்கும். பிரவுசரைத் திறந்ததும் இந்தச் சிக்கனம் காணாமல் போகிறது. வங்கித் தளம், மெயில், வாட்ஸ்அப் வெப் என மூன்று டேப் திறந்தால் ஒரு ஜிபிக்கு மேல் போய்விடும். வெப்சைட் எந்த ஓஎஸ்ஸிலும் ஒரே கனம்தான். ஆகவே 2 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் எந்த லினக்ஸைப் போட்டாலும் பிரவுசர் திணறத்தான் செய்யும்.

செலவழிக்க மனம் உண்டென்றால் முதலில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் ஒரு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, அடுத்து ரேம். வேகத்தில் எஸ்எஸ்டி தரும் வித்தியாசத்தை எந்த டிஸ்ட்ரோவும் தராது. ரேம் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இன்டெல் 4-ம் தலைமுறை லேப்டாப்களுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகை தேவை. 1.5 வோல்ட் டிடிஆர்3-யும் அதே ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் திரை வராது. லேப்டாப் போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள்.

ரேம் நிரம்பினால் மவுஸ் நின்றுவிடும், ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், பத்து நிமிடம் காத்திருந்தாலும் மீளாது. இது ஹேங் இல்லை. ரேமில் இடமில்லாமல் டிஸ்க்குக்கும் ரேமுக்கும் இடையே எடுத்து வைத்துக்கொண்டே இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தாமல் ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் சேர்த்துப் பிடித்து எஃப் அழுத்தினால், அதிக ரேம் தின்னும் புரோகிராமை ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலே மூடிவிடும். ஆனால் பல டிஸ்ட்ரோக்களில் இந்த விசைச் சேர்க்கை பாதுகாப்புக்காக அடைக்கப்பட்டிருக்கும். அதனால் எர்லிஊம் என்ற சிறிய பேக்கேஜை (மென்பொருள் தொகுப்பை) போட்டு வைப்பது நல்லது. ரேம் தீரும் தறுவாயில் அது தானாகவே அந்த வேலையைச் செய்யும். கூடவே இசட்ரேம் போட வேண்டும். ரேமின் ஒரு பகுதியை அது சுருக்கிப் பயன்படுத்துவதால் டிஸ்க்குக்குப் போகும் தேவை குறையும். டெபியன் என்ற டிஸ்ட்ரோவில் இசட்ரேம்-டூல்ஸ் பேக்கேஜைப் போட்டு, அதன் அமைப்பு ஃபைலில் அளவை 50 சதவீதம், சுருக்கும் முறையை இசட்எஸ்டிடி என்று வைத்தால் போதும். இந்த இரண்டும் 2 ஜிபி மெஷினுக்குக் கட்டாயம், 4 ஜிபிக்கு நல்லது.

அடுத்த புகார் யூடியூப். படம் விட்டு விட்டு ஓடும், ஃபேன் அலறும். யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் வீடியோவை அனுப்புகிறது. 2011, 2012 காலத்து இன்டெல் கிராபிக்ஸுக்கு, யூடியூப் அனுப்பும் வடிவங்களில் எச்.264 மட்டும்தான் சிப்பிலேயே பிரிக்கத் தெரியும். மற்றவற்றை பிராசஸர்தான் முக்கி முனகிப் பிரிக்க வேண்டும். எச்264இஃபை என்ற ஆட்-ஆனைப் போட்டால் யூடியூப் எச்.264-ஐ அனுப்பும். கூடவே, சிப்பிலேயே பிரிக்க உதவும் ஐ965 விஏ டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து, தரத்தை 720-ல் வைக்க வேண்டும். இந்த லேப்டாப்களின் திரையே 1366-க்கு 768 என்னும்போது 1080 கேட்பது வீண் வேலை. லுபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் ஸ்னாப் என்ற தனிப் பொதி வடிவில் வருகிறது. ஹார்டு டிஸ்க் உள்ள மெஷினில் அது முதல் தடவை திறக்கவே நேரம் பிடிக்கும். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோஸில்லா தரும் டெப் பேக்கேஜுக்கு மாறினால் அந்தக் காத்திருப்பு குறையும்.

வைஃபை பிடிக்காதது இன்னொன்று. பிராட்காம் சிப் உள்ள லேப்டாப்களில் இது அதிகம். டிரைவரின் உரிமம் திறந்ததல்ல என்பதால் அது பல டிஸ்ட்ரோக்களில் தானாகப் போடப்பட்டு வருவதில்லை. அதை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு அந்த டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் டிரைவர் எதுவும் இல்லாமலே இணைப்பு வந்துவிடும். பிறகு உபுண்டு வகையில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’, மின்ட்டில் ‘டிரைவர் மேனேஜர்’ மூலம் போட்டுக்கொள்ளலாம். பல மாதம் ஒழுங்காக ஓடிய வைஃபை ஒரு அப்டேட்டுக்குப் பிறகு காணாமல் போனால் காரணம் பெரும்பாலும் புதுக் கெர்னல். ஒவ்வொரு கெர்னலுக்கும் இந்த டிரைவர் புதிதாகக் கம்பைல் ஆக வேண்டும். கம்பைலுக்குத் தேவையான கெர்னல் ஹெடர் பேக்கேஜ் இல்லாவிட்டால் ஆகாது. தொடங்கும்போது அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் அதே நிமிடம் வைஃபை திரும்பும். அதன் பிறகு ஹெடரைப் போட்டுச் சரிசெய்யலாம்.

கரண்ட் கட் ஆன பிறகு கருப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று அடைப்புக்குறிக்குள் வந்து நிற்கும். லேப்டாப்பில் பேட்டரி செத்திருந்தாலும், டெஸ்க்டாப்பில் யுபிஎஸ் இல்லாவிட்டாலும் இது சகஜம். பார்த்தவுடன் ஓஎஸ்ஸை மறுபடி போடுகிறவர்கள் உண்டு. ஃபைல்களும் கூடவே அழிந்துபோகும். அவசியமே இல்லை. முதலில் ‘எக்ஸிட்’ என்று தட்டி என்டர் அழுத்தினால் எந்தப் பகுதியில் பிழை என்று காட்டும். ‘/டெவ்/எஸ்டிஏ2’ என்பது போல இருக்கும். அடுத்து ‘எஃப்எஸ்சிகே’, ஒரு இடைவெளி, ஹைஃபன் போட்ட ‘ஒய்’, இன்னொரு இடைவெளி, திரையில் காட்டிய அந்தப் பெயர் (ஆங்கில எழுத்துகளில்தான்). ஓடி முடிந்ததும் ‘ரீபூட்’. கரண்ட் போகாமலே வாரம் ஒருமுறை இது வந்தால் டிஸ்க் சாகக் கிடக்கிறது என்று பொருள். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் ‘பெண்டிங் செக்டர்’ (படிக்க முடியாமல் நிற்கும் இடங்கள்) பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அன்றே பேக்கப் எடுத்துவிட வேண்டும்.

திடீரென எல்லா வெப்சைட்டும் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டினால் தேதியைப் பாருங்கள். போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்து, காலண்டர் பல ஆண்டு பின்னால் போயிருக்கும். டெஸ்க்டாப்பில் அது சிஆர்2032. மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது.

பிரிண்டர்தான் பெரிய தலைவலி. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் டிடிபி மையங்களிலும் அதிகம் காணும் இரண்டைச் சொன்னால் போதும். ஹெச்பி லேசர்ஜெட் 1020-க்குள் நிரந்தர ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள்) கிடையாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை அனுப்ப வேண்டும். லினக்ஸில் இதற்கு ஹெச்பிலிப் என்ற டிரைவர் பேக்கேஜும், தனியாக இறக்கும் ப்ளக்இன்னும் வேண்டும். இரண்டின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சிஸ்டம் அப்டேட்டில் ஹெச்பிலிப் மட்டும் புதிதாகிவிட்டால், பிரிண்ட் கொடுத்த வேலை போனதுபோல் இருக்கும், பேப்பர் வராது. ‘ஹெச்பி-ப்ளக்இன்’ கட்டளையை மறுபடி ஓட்டி, பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் வரும். கேனன் எல்பிபி2900 இன்னும் மோசம். அது கேப்ட் என்ற தனி மொழியில் பேசுவது. லினக்ஸுக்காக வந்த பழைய டிரைவருக்கு 32-பிட் லைப்ரரிகள் தேவை. அவற்றையெல்லாம் சேர்த்தாலும் ஒரு நாள் அடிக்கும், மறுநாள் படுத்துக்கொள்ளும். இந்த பிரிண்டரை நம்பித்தான் கடை என்றால் அந்த மெஷினில் லினக்ஸ் போட வேண்டாம் என்பதே நேர்மையான பதில். எப்சன் இங்க் டேங்க் வகைகள் பெரும்பாலும் இஎஸ்சிபிஆர் டிரைவரில் தொந்தரவு இல்லாமல் வேலை செய்கின்றன.

டேலி, கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றில் பிழைப்பு நடத்துவோரும் மாறக் கூடாது. விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், ஜிஎஸ்டி கடைசி நாளில் அவர் உடன் இருப்பாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டு ஓஎஸ்ஸும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோருக்கு இரண்டு குறிப்பு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்காவிட்டால் லினக்ஸில் அந்த டிரைவ் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. மாறி மாறித் திறக்கும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போனால், ஒன்று வன்பொருள் நேரத்தை உள்ளூர் நேரமாகவும் மற்றது உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

பிராசஸர் 32-பிட் மட்டும் என்றால் காலம் குறைவு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32-பிட் இன்ஸ்டாலரே இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் 32-பிட் லினக்ஸை விட்டுவிட்டது. 140 நீண்டகாலப் பதிப்போடு சரி.

இவற்றில் பாதியை, டிஸ்க்கில் கை வைக்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற புரோகிராம் மூலம் லினக்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலை எழுதி, டிஸ்க்கில் போடாமலே ஓடும் ‘லைவ்’ முறையில் தொடங்கி, வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் எழுகிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். இன்ஸ்டால் செய்து தரும் கடைக்காரர்கள் இதை வாடிக்கையாளர் முன்னாலேயே செய்துகாட்ட வேண்டும்.

தமிழ் விஷயத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. இதில் அரசும் சம்பந்தப்படுகிறது. லைட் பதிப்புகள் அளவைக் குறைக்க ஃபாண்ட்டுகளை விட்டுவிடும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ அல்லது லோகித் தமிழ் ஃபாண்ட் போட வேண்டும். தட்டச்சுக்கு ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற இரண்டு பேக்கேஜ்களையும் போட்டால் தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர் மூன்றும் கிடைக்கும். பிரவுசரில் தமிழ் வந்து, வேர்டு போன்ற வேலைகளுக்கான லிப்ரேஆபீஸில் வராவிட்டால் ஐஎம்-கன்ஃபிக் என்ற கருவியில் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து லாக்அவுட் செய்ய வேண்டும். லிப்ரேஆபீஸில் தமிழுக்கான ஃபாண்ட் தனிக் கணக்கு. லினக்ஸில் அந்த இடத்தில் பெரும்பாலும் லோகித் தேவநாகரி இருக்கும். மொழி அமைப்பில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்டை ஆன் செய்து தமிழை வைத்து, லிப்ரேஆபீஸ் ரைட்டரின் அடிப்படை ஃபாண்ட்டையும் மாற்றினால்தான் எழுத்தும் வரி இடைவெளியும் ஒழுங்காக நிற்கும்.

வானவில், பாமினி போன்ற பழைய ஃபாண்ட்டுகளில் அடித்த ஃபைல்கள் வந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஃபாண்ட்டை ஹோம் ஃபோல்டருக்குள் ‘.fonts’ (முன்னால் புள்ளி வேண்டும்) என்ற ஃபோல்டரில் காப்பி செய்தால் படிக்கலாம். திருத்தும்போது இன்னொரு வம்பு காத்திருக்கிறது. பாமினியில் ஆங்கிலச் சிறிய ஜே ‘த’. பெரிய ஜே ‘து’. வாக்கியத்தின் முதல் எழுத்தை லிப்ரேஆபீஸ் தானாகப் பெரிதாக்குவதால் ‘தமிழக அரசு’ என்று அடித்தால் ‘துமிழக அரசு’ ஆகிவிடும். ஆட்டோகரெக்ட்டில் அந்த வசதியை அணைக்க வேண்டும்.

எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி படிக்கப்படும் எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழுக்குத் தரமாக ஏற்று தமிழக அரசு 2010-லேயே ஆணையிட்டது. இன்றும் பல அலுவலகங்களின் படிவங்களும் சுற்றறிக்கைகளும் வானவில்லில் அடித்த வேர்டு ஃபைலாகவே வருகின்றன. பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் ஃபாண்ட் உள்ளேயே பதிந்து படிக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அதில் ஒரு ஊர்ப் பெயரைக்கூடத் தேட முடியாது, காப்பி செய்தால் மறுபடி குப்பைதான். எனவே படிவங்களின் மூல ஃபைல்களையே யூனிகோடில் அடித்து வெளியிட, சம்பந்தப்பட்ட துறையினர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குநர்,
கும்பகோணம்.