காசு வாங்கி நாய் பார்க்கும் வீடுகளுக்கு உரிமம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று மலை முழுக்க, பிறர் நாய்களை வீட்டில் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் தொழில் பெருகிவிட்டது. நானும் கோத்தகிரியில் அதைத்தான் செய்கிறேன். பள்ளி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கல்யாணம் காட்சிக்குக் கீழே இறங்கும் அக்கம்பக்கத்தார் நாயை என்னிடம் விட்டுப் போவதில் ஆரம்பித்தது. இப்போது சீசனில் கோவை, சென்னைக்காரர்களும் வருகிறார்கள். லாட்ஜில் நாயைச் சேர்க்க மாட்டார்கள் என்பது பலருக்கு இங்கே வந்து இறங்கிய பிறகுதான் தெரிகிறது. மலைக்கு வண்டியில் வர வேண்டிய இ-பாஸை மறக்காமல் எடுத்திருப்பார்கள், நாய்க்கு இடம் பார்த்திருக்க மாட்டார்கள்.

இத்தனை வீடுகளில் நடக்கிறது. பதிவு உண்டா, யாராவது வந்து பார்த்தார்களா என்று கேட்க ஆளில்லை. தொழில் செய்கிற நானே சொல்கிறேன், கேட்க வேண்டும்.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, போதிய இடமில்லாத கூண்டில் அடைப்பதும் குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும் குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்! யார் பயப்படுவார்கள்? 2017இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளில் காப்பகம் நடத்துபவரையும் ஒரு வார்த்தையில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அவை குட்டி ஈனவைத்து விற்பவர்களை மனதில் வைத்து எழுதியவை. பின்னறையில் இரண்டு நாய் வைத்திருக்கும் வீட்டுக்கு அவற்றைப் படித்து ஒன்றும் விளங்காது.

என் மகள் இருக்கும் இங்கிலாந்தில் 2018 அக்டோபர் முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளன. வீட்டில் நாய் தங்கவைப்பதைத் தொழிலாகச் செய்பவர் உள்ளூர் கவுன்சிலில் உரிமம் வாங்க வேண்டும். ஆய்வாளர் வந்து வீட்டைப் பார்ப்பார். ஒவ்வொரு நாயையும் தேவைப்பட்டால் பிரித்து வைக்கத் தனி அறை வேண்டும். வேறு வீட்டு நாயோடு பழகவிட, உரிமையாளர் எழுதிக் கொடுத்த சம்மதம் வேண்டும். அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அங்கே சிறுத்தை கிடையாது. நீலகிரியில் ராத்திரி வராந்தாவில் நாயைக் கட்டிப்போடுவது சிறுத்தையைக் கூப்பிட்டு இரை வைப்பதுதான். இருட்டும் முன் நாய் கதவுள்ள அறைக்குள் போய்விட வேண்டும் என்பது இந்த மாவட்டத்து விதியில் முதல் வரியாக இருக்கட்டும்.

நாய் வைத்திருப்பவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. சென்ற சீசனில் ஒரு குடும்பம் பீகிள் இன நாய் ஒன்றைக் கொண்டுவந்தது. தடுப்பூசிப் புத்தகம் கேட்டேன். காரெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். உள்ளே ஒட்டியிருந்த படத்தில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. "அது முன்னாடி வளர்த்ததுங்க மேடம், இதுக்கும் அதே டாக்டர்தான்" என்றார் அந்த வீட்டுக்காரர். முடியாது என்று அனுப்பிவிட்டேன். இரண்டு தெரு தள்ளி ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

கேட்பது வீம்புக்காக அல்ல. பார்வோ கிருமி தொற்றினால் வாந்தியும் ரத்தபேதியும் தெரிய 3 முதல் 7 நாள் வரை ஆகும். வந்த அன்று துள்ளி விளையாடும் குட்டி, வீட்டில் இருக்கும் மற்ற குட்டிகளுக்கும் கொடுத்துவிடும். கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்; சோப்புத் தண்ணீருக்கு அது சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். 1907இலேயே வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்று குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்த மாவட்டம் இது. இங்கே ரேபிஸ் ஊசிச் சான்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

கடிக்கும் நாயைப் 'பரம சாது' என்று சொல்லி விட்டுப்போகிறவர்களும் உண்டு. அது தெருவில் யாரையாவது கடித்தால், கவனக்குறைவு என்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவில் மாட்டப்போவது அப்போது அதைக் கையில் வைத்திருக்கும் நான்: 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எதிர்ப்பக்கமும் இருக்கிறது. காசு கைமாறினால் அது சேவை. நாய் தொலைந்தாலோ செத்தாலோ உரிமையாளர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஜிபே பணம் போனதைக் காட்டும். நாய் எந்த நிலையில் வந்தது என்பதை எது காட்டும்?

ஆகவே உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவு, அரசு கால்நடை மருத்துவர் வந்து வீட்டைப் பார்த்துச் சொல்லும் நாய்களின் எண்ணிக்கை, இருவரும் கையெழுத்துப் போடும் ஒரு படிவம், இவற்றை மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்கலாம். படிவத்தில் ஊசி விவரம், கடித்த வரலாறு, ராத்திரியில் எடுக்கும் போன் எண், அழைத்துப்போக வராவிட்டால் என்ன செய்வது என்பது இருக்க வேண்டும். சீசன் முடிந்ததும் போனை அணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். உரிமக் கட்டணம் கட்ட நான் தயார். ஏப்ரலுக்கு முன் படிவம் வந்துவிட்டால் நல்லது. மே மாதக் கூட்டத்தில் யாரும் எதையும் நிரப்ப மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கோத்தகிரி